கெய்ரோவுக்கு மேலே கிழித்த பக்கம்

எண்பத்தொன்பதாம் ஆண்டு, மாசி மாதக் கடைசி. மொன்றியலில் தெருவோரமெல்லாம் பனி இடுப்பளவு குவிந்து கிடந்தது. அந்தப் பனிக்குள்ளிருந்து புறப்பட்டு எகிப்துக்குப் போனேன். கெய்ரோவில் விமானம் இறங்குவதற்குக் கால்மணி நேரம் இருக்கும்போது என் கையால் நான் செய்த ஒரு வேலையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். பல வருடங்களாக மகளுக்குக்கூட முழுக் கதையையும் சொல்லவில்லை. இப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இனி யாருக்கு வெட்கப்படுவது?

அதற்கு முன் நான் விமானத்தில் பயணம் செய்தது ஒரே ஒரு தடவைதான். மன்னாரிலிருந்து படகில் ராமேஸ்வரம் போய், அங்கே இரண்டு வருடம் இருந்து, பிறகு ஒரு ஏஜென்சிக்காரனைப் பிடித்து, நானும் மகளும் அவளுடைய குழந்தையும் மொன்றியலுக்கு வந்தோம். அந்த ஏஜென்சிக்காரன் எனக்கு ஒரே ஒரு பாடம்தான் படிப்பித்தான்.

"அம்மா, பிளேன் பணிஞ்சு காது அடைக்கிற நேரம் எழும்பி ரொய்லெட்டுக்குப் போங்கோ. பாஸ்போட்டைச் சின்னச் சின்னனாக் கிழிச்சுத் தண்ணியில விடுங்கோ. புத்தகம் கையில இருந்தால் அடுத்த பிளேனில திருப்பி ஏத்திப்போடுவாங்கள்."

அந்தப் புத்தகத்தில் படம்தான் என்னுடையது. பெயர் யாரோ ஒருத்தியுடையது. அவன் சொன்னபடியே கிழித்துத் தண்ணீரில் விட்டுவிட்டு, மொன்றியலின் மிராபெல் விமான நிலையத்தில் வெறுங்கையோடு போய் நின்றேன். அந்தக் காலத்தில் வந்த எங்கள் சனம் பலரும் அப்படித்தான் வந்தார்கள். நான் பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டவள். படித்த பாடம் குறைவு, அதனால் படித்தது எதையும் மறப்பதில்லை.

எகிப்துக்கு ஏன் போனாய் என்று கேட்பீர்கள். படகில் வரும்போது ஒரு நேத்தி, நேர்த்திக்கடன், வைத்தேன். கடற்படையின் படகுச் சத்தம் கேட்டது. எங்கள் ஓட்டி இயந்திரத்தை நிற்பாட்டிவிட்டார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, என் பேத்தி, பிறந்து மூன்று மாதம், அழ வாயைத் திறந்தாள். நான் அவளை நெஞ்சோடு அமத்திக்கொண்டு மாதாவிடம் சொன்னேன். தாயே, நீயும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடினவள்தானே, இந்தப் பிள்ளையைக் கரை சேர்த்துவிட்டால் நீ ஒளித்திருந்த இடத்துக்கே வந்து மெழுகுதிரி கொளுத்துவேன் என்று. பிள்ளை அழவில்லை. கரை சேர்ந்தாள்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு நேத்தி வைத்தால் பிள்ளையின் உயரத்துக்கு மெழுகுதிரி கொளுத்துவது வழக்கம். நேத்தி வைத்த அன்றைக்கு அவள் ஒரு முழம். நான் தாமதிக்கத் தாமதிக்க அவள் வளர்ந்துகொண்டிருந்தாள். கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்துக்குப் போய்ப் பிரெஞ்சில் பாட்டுப் பாடுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள். அந்த நேரம்தான் எனக்கு அகதிப் பயணப் புத்தகம் கிடைத்தது. நீல அட்டை. உள்ளே என் படம், என் சொந்தப் பெயர். கீழே நானே எழுத்துக்கூட்டித் தமிழில் வைத்த கையெழுத்து. அதே மாதம் கோவிலில் பூசை முடிய, மாதாவும் சூசையப்பரும் குழந்தையோடு தங்கிய இடங்களைப் பார்க்க எகிப்துக்கு ஒரு குழு போகிறது என்று பங்குச் சுவாமியார் அறிவித்தார்.

"உங்களுக்கென்ன விசரே, அம்மா?" என்றாள் மகள். "இப்பதான் ஒரு பேப்பர் கையில கிடைச்சிருக்கு. அதைக் கொண்டுபோய் எகிப்தில துலைக்கப் போறியளோ?"

"நான் துலைக்கிற ஆளில்லை. சொன்னனான், போகத்தான் வேணும்."

பெருமையாகத்தான் சொன்னேன். நான் வேலை செய்த தையல் தொழிற்சாலையின் மேற்பார்வைக்காரியிடம் பத்து நாள் லீவு வாங்கினேன். பேத்தியைக் கதவு நிலையோடு நிறுத்தி அளந்து, மூன்றரை அடியில் மெழுகுதிரி ஒன்று வாங்கி, பழைய சேலையில் சுற்றிக்கொண்டேன்.

குழுவில் தமிழர் இரண்டு பேர்தான். மற்றவர் ஒரு ரீச்சர். யாழ்ப்பாணத்தில் பெரிய பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். மகன் மொன்றியலில் வசதிக்காரர் இருக்கிற கர்க்லாண்டில் வீடு வாங்கியிருந்தார். தான் மகனின் ஸ்பொன்சரில் முறையாக வந்தவர் என்பதைச் சந்தித்த முதல் அரைமணி நேரத்திலேயே இரண்டு தரம் சொல்லிவிட்டார். என் கையிலிருந்த நீளப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, மீன் பிடிக்கப் போறீரோ?" என்றும் கேட்டார். குழுவை நடத்தியவர் கெய்ரோவில் பிறந்து மொன்றியலுக்குப் பக்கத்தில் லவாலில் குடியிருந்த ஒரு நல்ல மனிதர். தொழிற்சாலையில் பொறுக்கிய என் பிரெஞ்சு அவருக்கு எப்படியோ விளங்கியது.

ஐரோப்பாவில் விமானம் மாறுகிற இடத்தில் எல்லோருடைய புத்தகங்களையும் அவர்தான் வைத்திருந்தார். கெய்ரோ கிட்ட வர, அவரவர் புத்தகத்தை அவரவர் கையில் தந்துவிட்டுப் போனார். அந்த நேரம் பார்த்து விமானம் பணிந்தது. காது அடைத்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. கால்கள் எழும்பின. ரொய்லெட்டுக்குள் போனேன். கதவைப் பூட்டினேன். புத்தகத்தை விரித்துப் பிடித்து ஒரே இழுப்பு. முன் தாள் முதுகிலிருந்து பிய்ந்து கையோடு வந்தது. அதைச் சின்னதாகக் கிழிக்கத் திருப்பினால், என் முகம் என்னைப் பார்க்கிறது. கீழே என் கையெழுத்து.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. நான் இப்போது ஓடவில்லை. ஊர் பார்க்கப் போகிறேன்.

வெளியே பணிப்பெண் கதவைத் தட்டினாள். தாளையும் புத்தகத்தையும் நெஞ்சுச் சட்டைக்குள் செருகிக்கொண்டு என் இருக்கைக்கு வந்தேன். அழுதுகொண்டிருக்க நேரமில்லை. தையல் வேலைக்காரி நான், என் கோட்டு மடிப்பில் எப்போதும் ஓர் ஊசி இருக்கும். அன்றைக்கு அதில் சுற்றியிருந்தது சிவப்பு நூல். மெழுகுதிரிச் சேலையை மடியில் விரித்து, அதன் மறைவில் தாளை முதுகோடு பொருத்தித் தைக்கத் தொடங்கினேன்.

"என்ன செய்யிறீர்?" என்றார் ரீச்சர்.

"பொத்தான் கழண்டுட்டுது."

"இறங்கிற நேரத்திலயோ?"

சக்கரம் தரையில் அடிக்கும்போது நான் நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். நேரான தையல். ஆனாலும் நீலப் புத்தகத்தில் சிவப்பு நூல்.

குடிவரவு அதிகாரி பக்கத்தைத் திருப்பினார். விரலைத் தையலின் மேல் மெல்ல ஓட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். இன்னொருவரைக் கூப்பிட்டார். அவரும் விரலை ஓட்டினார். குழுத்தலைவர் ஓடி வந்தார். இது எப்படிக் கிழிந்தது என்று கேட்கிறார்கள் என்றார். நான் வாயைத் திறக்க, வந்த சொல் இதுதான்:

"பேத்தி. சின்னப் பிள்ளை. விளையாட்டுக்குக் கிழிச்சுப்போட்டாள்."

அவர் அதை அரபியில் சொன்னார். அவர்கள் நம்பினார்களோ தெரியாது. புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு துண்டுக் கடதாசி தந்தார்கள். குழுத்தலைவர் எனக்குப் பொறுப்பு நின்று கையெழுத்து வைத்தார். அன்று திங்கட்கிழமை. வியாழன் காலை பத்து மணிக்கு அலுவலகத்துக்கு வரவேண்டும், மேலதிகாரியான பெரியவர் முடிவு சொல்லுவார், திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார் என்றார்கள். மாதா ஒளித்திருந்த இடத்துக் கோவிலுக்குக் குழு போகிற நாளும் அதே வியாழன்தான். வெள்ளி காலை எல்லோரும் தெற்கே போகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை பிரமிடு பார்க்கப் போனோம். படத்தில் பார்த்ததைவிடப் பெரிது. ஒரு கல்லின் உயரம் என் நெஞ்சுக்கு வந்தது. மற்றவர்கள் ஒட்டகத்தில் ஏறிச் சத்தம் போட்டார்கள். எனக்குத் தெருவில் நின்ற கழுதைகளைப் பார்க்கத்தான் பிடித்தது. மன்னார் பட்டினத்தில் கடைவாசலில் நிற்கிற கழுதைகளேதான், அதே அசட்டைப் பார்வை. ரீச்சர் கையிலிருந்த வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்து எந்த அரசன், எத்தனை வருடம் என்று வாசித்துக்கொண்டே வந்தார். என் காதில் விழவில்லை. கடதாசித் துண்டு சட்டைக்குள் இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் என்னை அரித்தது அந்தக் கடதாசி இல்லை. அன்று பின்னேரம் ஹோட்டல் அறைக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தேன். ஜன்னலோரம் வைத்திருந்த மெழுகுதிரி வெயிலுக்கு நடுவில் வளைந்துபோய், இடுப்பை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளை மாதிரி இருந்தது. என் பேத்தி கோபம் வந்தால் அப்படித்தான் நிற்பாள். யாருடைய உயரத்துக்கு இதை அளந்து கொண்டுவந்தேனோ, அந்தப் பிள்ளையின் தலையிலேயே என் பிழையைப் போட்டுவிட்டேனே. படகில் வாயைத் திறந்து அழாமல் எல்லோரையும் காப்பாற்றினவள் அவள். இந்தப் பொய்யை வைத்துக்கொண்டு இந்தத் திரியை எந்த முகத்தோடு கொளுத்துவது?

புதன்கிழமை அருங்காட்சியகம். பொன்னையும் சிலைகளையும் எல்லோரும் பார்க்க, நான் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டேன். செத்தவரைச் சுற்றிய துணி ஒன்று. ஒரு இடத்தில் அந்தத் துணி கிழிந்திருக்கிறது. யாரோ நூல் விட்டு, இழைக்கு இழை பிடித்து ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். கை சுத்தமான வேலை. ஆனால் ஒட்டு ஒட்டாகவே தெரிகிறது.

"அங்க அரசன்ரை தங்கக் கட்டிலைப் பாரும். நீர் என்ன பழந்துணியைப் பார்த்துக்கொண்டு நிக்கிறீர்?" என்று ரீச்சர் வந்தார்.

"தையலைப் பார்க்கிறன், ரீச்சர்."

"நாங்கள் வந்த நாளிலயிருந்து நீர் ஒரு மாதிரித்தான் இருக்கிறீர். உம்மடை புத்தகத்தை ஏன் ஏப்போட்டில மறிச்சவங்கள்?"

சொல்லவேண்டும் என்று இருந்ததோ என்னவோ, அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றே சொல்லிவிட்டேன். நான்தான் கிழித்தேன். பழக்கத்தில் கிழித்தேன். பிள்ளையில் பழியைப் போட்டேன். நாளைக்குக் கோவிலுக்குப் போகமுன் அந்த அலுவலகத்துக்குப் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அங்கிருந்து போய்விட்டார்.

குழுத்தலைவர் வேண்டாம் என்றார். பிள்ளை கிழித்தது என்றால் பாவம் பார்த்து விடுவார்கள், வேண்டுமென்று கிழித்தது என்றால் குற்றம், திருப்பி அனுப்பிவிடுவார்கள், கோவிலையும் பார்க்கமாட்டீர்கள் மதாம் என்றார். அவர் சொன்னது சரிதான். நான் மாறவில்லை. அப்படியென்றால் காலையில் டாக்சி பிடித்துத் தாருங்கள் என்றேன்.

வியாழன் காலை டாக்சிக்குள் மெழுகுதிரியை ஏற்றிவிட்டு நான் ஏற, மற்றக் கதவால் ரீச்சர் ஏறினார்.

"நீர் போய் எந்தப் பாஷையில சொல்லப் போறீர்? தள்ளி இரும்."

கொஞ்சத் தூரம் போனபிறகு, வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் என்ரையை விழுங்கினனான்."

"என்ன?"

"பாஸ்போட்டை. கிழிச்சுக் கிழிச்சுப் போட ரொய்லெட் அடைச்சுப்போட்டுது. வெளியில ஆக்கள் தட்டினம். படம் ஒட்டின துண்டு மட்டும் கையில. வேறென்ன செய்யிறது? வாயில போட்டு விழுங்கினன்."

"அப்ப ஸ்பொன்சர்?"

"அது கர்க்லாண்டுச் சனத்துக்குச் சொல்லுற கதை."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முதலில் என்னை முறைத்தார். பிறகு அவரும் சிரித்தார். டாக்சிக்காரர் ஒன்றும் விளங்காமல் கண்ணாடியில் எங்களைப் பார்த்து அவரும் சிரித்தார். பொது இடத்தில் அவ்வளவு சத்தமாக நான் சிரித்து ஆறு வருடம் இருக்கும்.

பெரியவர் நரைத்த மீசைக்காரர். மேசையில் ஒரு கிளாஸ் தேநீர், பக்கத்தில் என் நீலப் புத்தகம். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"ஐயா, பிள்ளை கிழிக்கேல்லை. நான் பொய் சொன்னனான். பிள்ளை மொன்றியலில இருக்கிறாள், இதைத் தொட்டும் பார்க்கேல்லை. கிழிச்சது நான். தைச்சதும் நான்."

ரீச்சர் ஆங்கிலத்தில் நாலே சொல்லில் முடித்தார்.

"நான் இவ்வளவு சொன்னன், நீங்கள் இவ்வளவோட விட்டிட்டியள்?"

"பேசாமல் நில்லும். ஆங்கிலத்துக்கு இது காணும்."

ஏன் கிழித்தாய் என்று அவர் கேட்டார். அதற்கு ரீச்சர் என்னைக் கேளாமலே பதில் சொல்லத் தொடங்கினார். நீளமான பதில். பள்ளிக்கூடத்தில் நின்று பாடம் சொல்லுகிற குரல்தான், ஆனால் நடுவில் இரண்டு தரம் உடைந்தது. ஒரு கட்டத்தில் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். அதிகாரி தேநீரைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். ஒரு தாளோடு ஏன் நிறுத்தினாய்?

"முதல் கிழிச்சது ஆற்றையோ பெயர், ஐயா. இது என்ரை பெயர். என்ரை கையெழுத்து. அதைக் கண்ட உடன கை ஓடேல்லை."

இதை ரீச்சர் ஒரு சொல்லும் குறையாமல் சொன்னார் என்று நினைக்கிறேன்.

எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். மர வாங்கில் மெழுகுதிரியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும், மெழுகுதிரியை ரீச்சரிடம் கொடுத்து விடுவேன், அவர் கொளுத்துவார். சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று. அந்த மூன்று நாளில் முதல் தடவையாக எனக்குப் பசித்தது.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கூப்பிட்டார்கள். பெரியவர் புத்தகத்தை விரித்து வைத்து, முத்திரையை எடுத்துத் தையலின் மேலேயே அடித்தார். முத்திரையில் பாதி தைத்த தாளிலும் பாதி அடுத்த பக்கத்திலும் விழுந்தது. பக்கத்தில் அரபியில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வைத்தார். இந்தத் தையலைத் தான் நேரில் பார்த்ததாகவும், இதற்காக இவரை யாரும் மறிக்கவேண்டாம் என்றும் எழுதியிருக்கிறதாக ரீச்சர் கேட்டுச் சொன்னார். கடைசியில் அவர் ஏதோ சொல்ல, ரீச்சர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்.

"திரும்பிப் போகேக்க பிளேன் பணியத் தொடங்கினால் புத்தகத்தை என்னட்டைத் தரட்டாம்."

"நல்ல ஆளிட்டை. விழுங்கிப்போடுவியள்."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் எழும்பி நின்று நெஞ்சில் கை வைத்தார். அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது.

பழைய கெய்ரோவில் அந்தக் கோவிலுக்குப் போய்ச் சேர மத்தியானம் திரும்பிவிட்டது. குழு பார்த்துவிட்டுப் போய்விட்டது. கோவில் பராமரிக்கும் கிழவர் கதவைச் சாத்த வந்தவர், என் கையிலிருந்த வளைந்த மெழுகுதிரியைப் பார்த்துவிட்டுத் திறந்துவிட்டார். மாதா தங்கிய குகை பீடத்துக்குக் கீழே இருக்கிறது. படி இறங்கிப் போகவேண்டும். ஆனால் நிலத்தடித் தண்ணீர் ஊறி, நாலாவது படியோடு மிச்சமெல்லாம் தண்ணீருக்குள். இவ்வளவு தூரம் வந்தும் அந்த இடத்தில் கால் வைக்க முடியவில்லை.

எனக்குக் கவலை வரவில்லை. கடல் கடந்து வந்தவள், தண்ணீருக்குப் பக்கத்தில் நிற்பது புதிதா? மேல் படியில் மணல் நிரப்பின வாளி ஒன்றை அந்தக் கிழவர் கொண்டுவந்து வைத்தார். அதில் மெழுகுதிரியை நட்டேன். சாய்ந்தது. ரீச்சர் குனிந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கொளுத்தினேன். வெளிச்சம் கீழே தண்ணீரில் விழுந்து ஆடியது. நெடு நேரம் செபம் சொல்ல நினைத்திருந்தேன். வாயில் வந்தது ஒன்றுதான்: தாயே, அது பிள்ளையில்லை, நான்தான்.

திரும்பி வரும்போது மொன்றியலில் அதிகாரி புத்தகத்தைத் திறந்ததும் புருவத்தை உயர்த்தினார். அவர் வாய் திறக்கமுன் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் நானே முழுவதையும் சொன்னேன். வேறு புத்தகத்துக்கு எழுதிக்கொடுக்கச் சொன்னார், அவ்வளவுதான். பழையதை மூலை வெட்டித் திருப்பித் தந்தார்கள். ரீச்சரும் நானும் அவர் கண் மூடும்வரை சிநேகிதமாக இருந்தோம். கர்க்லாண்டில் மகன் வீட்டுக்கு வருகிற ஆட்களுக்கு அவர் சொல்லுகிற ஸ்பொன்சர் கதையை நானும் தலையாட்டிக் கேட்பேன்.

இப்போது மொன்றியலின் பியர்பொன்ட்ஸில் பேத்தியின் வீட்டில் இருக்கிறேன். அந்தப் புத்தகம் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. சிவப்பு நூல் கொஞ்சம் வெளிறிவிட்டது, தையல் விடவில்லை. பேத்தி எப்போதாவது அதை எடுத்துப் பார்த்து, இதை ஆர் அம்மம்மா கிழிச்சது என்று கேட்பாள். அன்றைக்குக் கெய்ரோவில் மூன்று நாளாக என் வாயில் வராமல் நின்ற அந்தச் சொல், இப்போது அவள் கேட்டு முடிக்கமுன் வந்துவிடுகிறது: நான்தான், பிள்ளை.